காப்பு அவிழ்க்காத கரடு

1

இன்று எங்கள் சிற்றூரில் சங்கு ஊதினார்கள்.

ஆஸ்திரேலியாவின் தெற்கே, மலைச்சரிவில் இருக்கும் இந்த ஊருக்குள் காட்டுத்தீ வந்து ஆறு வருடம் ஆகிறது. வருடா வருடம் இந்த நாளில் தீயணைப்பு நிலையத்துச் சங்கை ஒரு முறை ஊதுவார்கள். பிறகு மண்டபத்து வாசலில் எல்லோரும் கூடித் தேநீர் குடிப்பார்கள். நான் பரோட்டா போடுவேன். ஊர்க் கமிட்டியில் இருக்கும் அம்மாள் என்னிடம் வந்து, "நீங்களும் இரண்டு வார்த்தை பேசுங்களேன்" என்பார். நான் பரோட்டாக் கல்லைக் காட்டுவேன். கல் சூடாக இருக்கிறது, விட்டுவிட்டு வர முடியாது என்று அர்த்தம். ஆறு வருடமாக அந்தக் கல் சூடாகவே இருக்கிறது.

நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மதுரையில் காளவாசல் பக்கம் ஒரு பரோட்டாக் கடையில் மேசை துடைக்கப் போனேன். துடைத்துத் துடைத்து மாஸ்டர் ஆனேன். அங்கிருந்து சிங்கப்பூர், சிங்கப்பூரிலிருந்து இங்கே. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

இதே மாதத்தில்தான் கடையின் வாடகை ஒப்பந்தத்தையும் புதுப்பிக்க வேண்டும். அந்தக் காகிதம் வந்ததும் என் மனைவி செல்வி அதை மேசைமேல் வைத்து, மேலே உப்பு டப்பாவைத் தூக்கி வைத்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்பாள். "இன்னும் ஒரு வருசமா?"

அவள் கேட்பதில் நியாயம் உண்டு. எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள் போனில் பெருமூச்சு விடுகிறார்கள். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அரை மணி நேரம் அழுத்தவைத்து, கடைசியில் ஒரு பெண் வந்து என் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்வாள். சொல்லி முடிப்பதற்குள் பரோட்டா மாவு இறுகிவிடும். கோடை தொடங்கினால் வாசலில் நான்கு பைகள் தயாராக நிற்கும். எங்கள் மகள் கயல், தீ வந்தபோது சின்னப் பிள்ளை. இந்த வருடம் மேல்படிப்புக்கு நகரத்துக்குப் போகப்போகிறாள். அவளுடைய தமிழ் "பசிக்குது", "வேணாம்", "சரிப்பா" என்ற மூன்றில் வந்து நிற்கிறது. அவளும் போய்விட்டால், எரிந்து முளைத்த இந்த ஊரில் இரண்டு பேர் உட்கார்ந்து என்ன செய்யப்போகிறோம் என்பதுதான் செல்வியின் கேள்விக்குள் இருக்கும் கேள்வி.

இந்த வருடம் இந்த நாளில் இன்னொன்றும் இருந்தது. கொட்டாம்பட்டிக்கு உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் கிராமத்தில், என் அக்கா முத்துப்பேச்சியின் கையிலிருந்து இன்று காப்பு அவிழ்க்கிறார்கள். சாமிக்காகக் கையில் கட்டும் மஞ்சள் கயிற்றைத்தான் சொல்கிறேன். எட்டு நாள் கட்டும் காப்பை அவள் ஒன்பது மாதம் கட்டியிருந்தாள். அதற்கு ஒருவகையில் நான்தான் காரணம். அவிழ்த்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தாள். மாவைப் பிசைந்துகொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2

முதலில் இங்கே எரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தீ வந்த மறுவாரம்தான் எங்களை ஊருக்குள் விட்டார்கள். கடை இருந்த இடத்தில் கூரை இல்லை, சுவர் இல்லை. பரோட்டாக் கல் மட்டும் சாம்பலுக்குள் கிடந்தது. செல்வி முந்தானையால் அதைத் துடைத்தாள். இன்றைக்கும் அதே கல்தான்.

வாடகை வீடு தப்பிவிட்டது. வீட்டின் பின்னால் ஒரு சரிவு. அது முழுக்க யூக்கலிப்டஸ், நம் ஊரில் தைல மரம் என்போமே, அது. அத்தனையும் அடி முதல் நுனி வரை கருப்பாக நின்றது. ஒரு குருவிகூட இல்லை. காற்று அடித்தால் இலைச் சத்தம் வராத காட்டை அப்போதுதான் பார்த்தேன்.

நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி, வெட்ட வேண்டிய மரங்களில் குறி போடச் சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு வந்தார். நல்ல மனிதர். "இவை செத்துவிட்டன. வீட்டின்மேல் விழும். எந்திரம் வைத்து மொத்தமாக வழித்துவிடுகிறோம், செலவு உங்களுக்கு இல்லை. இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்றார். வீட்டுக்காரர் நகரத்தில் இருக்கிறார். குடியிருக்கிற நீங்களே பார்த்துச் செய்யுங்கள் என்று எங்களிடம் விட்டிருந்தார். எனக்குக் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. ஏன் என்று சொல்ல இங்கிலீஷ் வரவில்லை. கடைசியில் ஒரு மரத்தைத் தட்டிக் காட்டி, "ஸ்லீப்பிங், சார்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், சிரித்துவிட்டார். மழைக்காலம் முடியும் வரை தூங்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்துச் சரிவுக்காரர் கையெழுத்துப் போட்டார். நான்கு நாளில் சரிவு மொட்டையாகிவிட்டது. பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. முதல் பெருமழையில் அந்தச் சரிவு அப்படியே கீழே இறங்கி வந்தது. அவர் வீட்டு ஜன்னல் மட்டத்துக்குச் சேறு. எங்கள் சரிவிலிருந்து வந்தது சாம்பல் தண்ணீர், அவ்வளவுதான். செத்தது என்று சொன்ன மரங்களின் வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தன.

அதன் பிறகு ஒரு நாள் காலையில் செல்வி என்னைக் கத்திக் கூப்பிட்டாள். கருப்புத் தண்டுகளில் பட்டையைப் பிளந்துகொண்டு தளிர். கிளையில் இல்லை, நடுத்தண்டிலேயே, அடியிலிருந்து மேல்வரை கொத்துக் கொத்தாக. மரத்துக்கு யாரோ கம்பளிச் சட்டை போட்டுவிட்டது போல இருந்தது.

எல்லா மரமும் பிழைத்தது என்று பொய் சொல்லமாட்டேன். இரண்டு உண்மையாகவே செத்துப்போயிருந்தன. ஒரு காற்று நாளில் வேலிமேல் விழுந்தன. அதே அதிகாரி வந்து அறுத்துக் கொடுத்தார். நான்தான் அப்போதே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. நான் பரோட்டா கட்டிக் கொடுத்தேன்.

அந்த நாட்களில் ஊரிலிருந்து போன் செய்தவர்கள் எல்லோரும் "அங்கே என்ன இருக்கிறது, இங்கே வந்துவிடுங்கள்" என்றார்கள். இங்கே மறுபடி திறந்த கடைக்கு வந்த ஒருவரும் அதையேதான் வேறு குரலில் சொன்னார், "உன் ஊருக்குப் போயிருக்கலாமே" என்று. இரண்டுக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. பரோட்டா எத்தனை வேண்டும்?

3

போன சித்திரையில் விடுமுறைக்குத் தனியாக ஊருக்குப் போயிருந்தேன். கயலுக்குப் பரீட்சை, செல்விக்குக் கடை.

மதுரை விமான நிலையத்துக்கு அக்கா எப்போதும் வந்துவிடுவாள். வரும்போதும் வருவாள், போகும்போதும் வருவாள். கணவர் போன பிறகு முப்பது உருப்படி வெள்ளாடு வைத்துத் தனியாகப் பிழைக்கிறவள். ஆட்டைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, தூக்குச்சட்டியில் கருவாட்டுக் குழம்போடு வந்து நிற்பாள். நெத்திலிக் கருவாடு இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. பிளேனில் இறங்குகிற எவனுக்கும் அதுதான் முதல் பசி என்று அவளாக முடிவு செய்திருக்கிறாள்.

அந்த முறை கார் ஒத்தக்கடை தாண்டும் வரை ஆட்டைப் பற்றியே பேசினாள். பிறகு சொன்னாள்.

"கரடு போச்சுடா ராசு."

"என்னக்கா சொல்ற?"

"பங்குனியில பத்திக்கிருச்சு. பீடி நெருப்புங்கிறாய்ங்க. எவன் கண்டான்? ரெண்டு நாளு எரிஞ்சுச்சு. அம்புட்டும் கரி."

எங்கள் ஊரை ஒட்டி ஒரு கரடு இருக்கிறது. மலை என்று சொல்ல முடியாத குன்று. உச்சியில் கருப்பர் கோயில். உசிலை, வெப்பாலை, சூரை முள், ஆவாரை, சிற்றீச்சு என்று ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் காடு. மழைத் தண்ணீர் அதில் இறங்கித்தான் எங்கள் கண்மாய்க்கு வரும். கரட்டின் அடிவாரத்தில் கடைசி வீடு அக்காவுடையது. ஆட்டுக் கொட்டகையும் அங்கேதான்.

போய்ப் பார்த்தேன். ஒரு பெரிய அடுப்பை அணைத்துவிட்டுப் போனது போல இருந்தது. பாறைகள் வெடித்திருந்தன. மேலிருந்து சாம்பல் பறந்து வந்து அக்கா வீட்டுக் கொடியில் காயும் சேலையில் ஒட்டியது. ஐந்து வருடம் முன்பு அங்கே மூக்கில் ஏறிய அதே நாற்றம். கடல் தாண்டியும் நாற்றம் மாறவில்லை.

டீக்கடையில் சின்னையாவைப் பார்த்தேன். அத்தை மகன், சின்ன வயதிலிருந்து கூட்டாளி. சொந்தமாக ஒரு ஜேசிபி வைத்திருக்கிறான்.

"மாப்ள, திங்கக்கெழம வண்டிய ஏத்துறேன்" என்றான் சந்தோஷமாக. "கீழ்ப்பாதி பூராத்தையும் வழிச்சு, குழி எடுத்து, புதுக்கன்னு வைக்கிறோம். மதுரையில இருந்து மரம் நடுற பசங்க கன்னு சும்மாவே தாராய்ங்க. கம்பி வேலி போட்டுருவோம். மேல்பாதிய ஆட்டுக்கு விட்டுர்றது. பஞ்சாயத்துல பேசியாச்சு."

"வேரோட பேத்துருவியா?"

"பின்ன, கரிக்கட்டைய வச்சுக் கும்புடவா?"

அந்தச் சரிவில் எந்திரம் ஏறினால் ஐப்பசி மழையில் மண் எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். ஒரு முறை பார்த்தவன். வருகிற வழியில் முதல் வீடு அக்காவுடையது, அதற்கடுத்து கண்மாய். சொல்ல வாயெடுத்தேன். டீக்கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். நாக்கு ஒட்டிக்கொண்டது. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

4

அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவள் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"தோண்டாம விட்டா தானா வரும்க்கா. ஆனா ஒரு வருசத்துக்கு ஆடு ஏறக்கூடாது. தளிர் வரவரத் தின்னுச்சுன்னா வேரும் செத்துரும்."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "அவன் பாதிக் கரட்டையாச்சும் ஆட்டுக்குத் தாரேங்கிறான். நீ முழுசையும் பூட்டுங்கிற. நீ பிளேன் ஏறிப் போயிருவ. முப்பது உருப்படிய நான் எங்கிட்டு மேய்க்க? ஒன் பரோட்டாவ மேயவா?"

அவள் சொன்னது அத்தனையும் உண்மை.

ஆனாலும் விட மனமில்லை. கோயில் பூசாரியைத் தேடிப் போனேன். எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்று உண்டு. மாசியில் கருப்பருக்குத் திருவிழா. அதற்கு எட்டு நாள் முன்னால் காப்புக் கட்டுவார்கள். கட்டிவிட்டால் அவிழ்க்கும் வரை கரட்டில் பச்சைக் கொப்பு ஒடிக்கக்கூடாது, ஆடு மாடு ஏறக்கூடாது, இரும்பு போகக்கூடாது. ஊருக்காகக் கையில் காப்பு வாங்கிக்கொள்கிறவர் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, கவுச்சி தொடக்கூடாது. போலீசுக்குப் பயப்படாதவன்கூட எங்கள் ஊரில் அந்தக் கயிற்றுக்குப் பயப்படுவான்.

பூசாரி வாசலில் உட்கார்ந்து முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். அவர் ஒருவர்தான் என்பதால் எனக்குப் பேச்சு வந்தது.

"பூசாரிண்ணே, வார மாசிக்குக் கட்டுற காப்ப இப்பவே கட்டுனா என்ன?"

பாதி முகத்தில் சோப்போடு என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏப்பா, எட்டு நாளுக்குக் கட்டுறதுக்கே ஊருல பாதிப்பேரு ஓடி ஒளியிறான். ஒம்பது மாசமா? புள்ளயா பெக்கப் போறாய்ங்க?"

"கூடாதுன்னு இருக்காண்ணே?"

அவர் நெடுநேரம் யோசித்தார். சோப்பு காய்ந்துவிட்டது. "கூடாதுன்னு எவனும் சொல்லல. கேட்டதும் எவனும் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து அலுவலக வாசலில் பேச்சு நடந்தது. பூசாரிதான் எனக்காகச் சொன்னார். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். சொல்லி முடித்ததும் ஒரே சிரிப்பு. "வெளிநாட்டுல இருந்து யோசனைய பார்சல்ல கொண்டாந்துருக்காரு" என்றது ஒரு குரல்.

சின்னையா எழுந்தான். "நான் ஒண்ணு கேக்குறேன். காப்பு எதுக்கு? பச்சைய ஒடிக்கக் கூடாதுன்னு. அங்க ஏதுய்யா பச்சை? கரிக்கட்டைக்குக் காப்புக் கட்டுன ஊருன்னு சுத்துப்பட்டி பூராம் சிரிப்பான்." என் பக்கம் திரும்பினான். "மாப்ள, கோவிச்சுக்கிராத. நீ போனவன். இருக்கிறவன் சொல்றத கேளு."

போனவன். அந்தச் சொல் அறைந்தது போல இருந்தது. அங்கே வந்தவன், இங்கே போனவன். நாக்கு எப்படி விட்டது என்று தெரியவில்லை, என் குரல் எனக்கே கேட்டது.

"பச்சை இருக்கு. அது இன்னும் எந்திரிக்கல. நாளைக்கு வெள்ளன வாங்க, காட்டுறேன். இல்லேன்னா மாப்ள வண்டிக்கு நானே டீசல் ஊத்துறேன்."

நான் என் வாழ்நாளில் கூட்டத்தில் பேசியது அவ்வளவுதான்.

5

மறுநாள் காலையில் ஏறினோம். நான், பூசாரி, சின்னையா, வேடிக்கை பார்க்க ஒரு ஏழெட்டுப் பேர். அக்காவும் வந்தாள். நான் அசிங்கப்படுவதைப் பார்க்க வந்ததாகத்தான் சொன்னாள். அவள் பின்னாலேயே ஒரு செவலைக் குட்டியும் வந்தது. தாய் செத்துப்போனதால் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த குட்டி. அவளை விட்டு ஓர் அடி நகராது. ஜேசிபி அடிவாரத்தில் நின்றது.

முன்வாரம் ஒரு கோடை மழை பெய்திருந்தது. அதனால் எனக்கு நம்பிக்கை இருந்தது. நேராக ஒரு பெரிய உசிலையிடம் போய், தண்டைத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கத்தியால் பட்டையைச் சுரண்டினேன். உள்ளே காய்ந்த பழுப்பு. அடுத்த மரம். அதுவும் அப்படியே. ஒரு வெப்பாலையில் நெஞ்சு உயரத்தில் சுரண்டினேன், தலை உயரத்தில் சுரண்டினேன். பட்டை அப்பளம் போல உதிர்ந்தது.

ஆஸ்திரேலியாவில் தளிர் தண்டில்தான் வந்தது. என் கண்ணால் பார்த்தேன், கையால் தொட்டேன். இங்கே மரம் மரமாகத் தண்டைத் தடவிக்கொண்டே போகிறேன், கரிதான் கையில் ஏறுகிறது.

"மாப்ள, மரத்துக்குச் சொரிஞ்சு விடுறியா?" என்றான் சின்னையா. எல்லோரும் சிரித்தார்கள். "போதும்ப்பா. வெயில் ஏறுது. நான் போயி வண்டிய எடுக்குறேன்."

பூசாரி தலையைக் குனிந்துகொண்டார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "கைய தொடைச்சிக்கிரு ராசு" என்று முந்தானையை நீட்டினாள். அது சிரித்ததைவிட மோசமாக இருந்தது.

அப்போது குட்டி அவள் காலடியில் இல்லை.

ஓர் அடி நகராத அந்தக் குட்டி, நான் முதலில் சுரண்டிய உசிலையின் அடியில் குனிந்து நின்றுகொண்டிருந்தது. முன்னங்காலால் சாம்பலைத் தள்ளிவிட்டு எதையோ மென்றது. வால் ஆடியது.

"ஏய், என்னத்தடி திங்கிற?" என்று அக்கா போய் அதன் வாயைப் பிடித்துப் பிளந்தாள். உள்ளே கைவிட்டு எடுத்துக் காட்டினாள். நசுங்கிய பச்சை. நகத்தளவு நாலைந்து இலை, உசிலை இலை.

சின்னையா குனிந்து, மரத்தின் அடியில் சாம்பலை விரலால் விலக்கினான். வேரும் தண்டும் சேரும் இடத்தில், மண்மட்டத்துக்குச் சற்றே கீழே, குட்டி தின்றது போக ஒரு துளிர் மிச்சம் இருந்தது. பிறகு ஆளுக்கொரு மரத்தடியில் உட்கார்ந்து சாம்பலைக் கிளறினோம். வெப்பாலையின் அடியில் இருந்தது. சிற்றீச்சின் குருத்து கரிக்குள்ளிருந்து ஊசி போல நின்றது. சில மரங்களின் அடியில் ஒன்றும் இல்லை. பல மரங்களின் அடியில் இருந்தது.

நான் மேலே தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் மரம் கீழிருந்து வருகிறது. இத்தனை வருடம் அந்த மரங்களுக்கு நடுவில் வளர்ந்தவன், தூர தேசத்து மரத்தின் பழக்கத்தை இவற்றிடம் எதிர்பார்த்துவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பச்சை இருந்தது. என் வெட்கத்தைவிட அது பெரிது.

சின்னையா எழுந்து கையைத் தட்டிக்கொண்டான். தோற்றவன் முகமாக இல்லை. "இருக்குய்யா" என்றான் பூசாரியிடம். "ஆனா ஒரு குட்டிக்கே இந்த கதி. ஊரு ஆடு பூராம் ஏறுனா என்னத்த மிஞ்சும்? காப்ப யாரு வாங்குறது? இவன் வாங்க முடியாது. எல்லையத் தாண்டணும்ல."

உண்மை. ஒன்பது மாதம் ஊரைவிட்டு வெளியே போகாமல், கவுச்சி இல்லாமல் இருக்க யாரால் முடியும்? கூட வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தூரத்தில் இருக்கும் பாறைகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒருவருக்குத் திருப்பூரில் வேலை. ஒருவர் தினமும் மதுரை போய் வருகிறவர். ஒருவர், கறி இல்லாமல் தன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட இருக்க முடியாது என்று நேர்மையாகவே சொல்லிவிட்டார்.

அக்கா குட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அது மென்ற மிச்சத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மற்றக் கையை நீட்டினாள்.

"எனக்குக் கட்டுண்ணே."

"ஒனக்கா? ஆட்டுக்காரிக்கா?" என்றார் பூசாரி.

"ஆட்டுக்காரி கையில கெடந்தாத்தான் மத்த ஆட்டுக்காரன் ஏத்தமாட்டான். ஒரு பூசாரி கட்டுனா, ஒனக்கென்ன, ஆடா மாடான்னு கேப்பாய்ங்க. என்னய எவன் கேப்பான்?"

"கருவாடு?" என்றான் சின்னையா.

அவள் ஒரு கணம் கண்ணை மூடினாள். நிஜமாகவே மூடினாள். "வாயக் கட்டுனா செத்தா போயிருவேன்? கட்டுண்ணே, மனசு மாறுறதுக்குள்ள."

6

ஜேசிபி கரட்டில் ஏறவில்லை. மறுமாதம் கண்மாய் வரத்துக்கால்வாயைத் தூர்வாரும் வேலைக்குப் போனது. "மாப்ள வந்து எம்பொழப்புல மண்ணள்ளிப் போட்டான்" என்று சின்னையா இன்றும் சொல்கிறான், மண்ணள்ளிக்கொண்டேதான் சொல்கிறான். மதுரைப் பசங்க கொண்டுவந்த கன்றுகளைக் கண்மாய்க் கரையில் வைத்தார்கள். தண்ணீர் ஊற்ற அவர்களே வாரம் தவறாமல் வண்டியில் வருகிறார்கள். நல்ல பிள்ளைகள்.

நான் புறப்பட்ட நாளில் அக்கா விமான நிலையத்துக்கு வரவில்லை. வர முடியாது. ஊர் எல்லைக்கல் வரை கூடவே நடந்து வந்தாள். கல்லுக்கு அந்தப் பக்கம் கார் நின்றது. தூக்குச்சட்டியை நீட்டினாள். கத்தரிக்காய்க் குழம்பு. "கருவாட்ட மோந்துகூடப் பாக்கக் கூடாதாம்" என்றாள். கார் நகர்ந்து திரும்பும் வரை கையை ஆட்டிக்கொண்டே நின்றாள். மஞ்சள் கயிறு தெரிந்தது. காலடியை மட்டும் கல்லைத் தாண்டி வைக்கவில்லை.

அவள் பட்ட பாடு சின்னதில்லை. ஆட்டில் பாதியை விற்றாள். மீதியை அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டு ஓட்டினாள். மேய்ச்சலை இழந்த மற்றவர்கள் அவளை வாய்க்கு வந்தபடி பேசினார்கள். நான் இங்கிருந்து போனில் "எப்படிக்கா இருக்க?" என்று கேட்பேன். "கெட்டுப் போகல" என்பாள். அதற்கு மேல் பேச விடமாட்டாள். ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்த மறுநாள் அவளே கூப்பிட்டாள். "ராசு, தண்ணி தெளிவா வந்துச்சுடா. வீட்டு வாசலோட போகுது, ஒரு கல்லு உருளல" என்றாள்.

மரத்தையும் மனிதனையும் ஒப்பிட்டுப் பேசுவது எனக்குப் பிடிக்காது. வேர், விழுது என்று புலம்பெயர்ந்தவர்களைப் பற்றி மேடையில் பேசுவார்கள். நான் வேர் இல்லை, பரோட்டா மாஸ்டர். ஆனால் ஒன்று சொல்வேன். எரிந்துபோன இடத்தைப் பார்த்ததும் முடிந்தது என்று சொல்ல நமக்கு அவசரமாக இருக்கிறது. அந்தக் கருப்பைப் பார்க்க நம் கண்ணுக்குப் பொறுக்கவில்லை. அதனால் வழித்துவிடு, வேறு வை, வேறு ஊருக்குப் போ என்கிறோம். என் கடையைப் பார்த்து அப்படித்தான் சொன்னார்கள். எங்கள் கரட்டைப் பார்த்தும் சொன்னார்கள். என் மகளின் தமிழைக் கேட்டுவிட்டு, போன முறை வந்த உறவினர் ஒருவரும் சொன்னார், "பாவம், போயிருச்சு" என்று. யாரும் அதற்குள் சிவப்புப் பெயிண்ட் அடிக்க வேண்டாம் என்றுதான் அவரிடம் சொல்ல நினைத்தேன். வழக்கம்போலச் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

7

போன் அடித்தபோது என் இரண்டு கையும் மாவு. கயல்தான் எடுத்துப் பிடித்தாள். அங்கே வெள்ளன நேரம். திரையில் முதலில் அக்காவின் நெற்றி, பிறகு வானம், பிறகு ஒருவழியாகக் கரடு.

பச்சையாக இருந்தது. முழுக்க இல்லை. கருப்புத் தண்டுகள் இன்னும் நட்டமாக நிற்கின்றன. அவற்றின் அடியிலிருந்து புதர் புதராகப் பச்சை கிளம்பி இடுப்பளவு நிற்கிறது. இடையிடையே ஆவாரை மஞ்சளாகப் பூத்திருந்தது. கமிட்டி அம்மாள் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எரிந்த இடம் எழுந்திருப்பது எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"அத்த, கைல என்ன?" என்றாள் கயல். மூன்று வார்த்தை. அவளுடைய வழக்கமான மூன்றில் இல்லாத மூன்று.

"இதா? வெலங்கு ஆத்தா. ஒங்கப்பன் மாட்டிவிட்டுட்டுப் போன வெலங்கு. இந்தா, இன்னைக்கு விடுதலை."

பூசாரி கயிற்றை அவிழ்ப்பதைக் கயல் கண் எடுக்காமல் பார்த்தாள். கூட்டத்துக்குள்ளிருந்து சின்னையா ஒரு பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினான். "மாப்ள, நெத்திலிக் கருவாடு! ஒங்கக்காவுக்கு என் செலவு. ஜேசிபிய நிறுத்துனதுக்குப் பரிசு." எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் கேட்டார், "என்ன முத்துப்பேச்சி, ஆட்ட இன்னைக்கே ஏத்துறியா, நாளைக்கா? மொத மேய்ச்சல் ஒனக்குத்தான்."

அக்கா கரட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் இடுப்புக்கு நேராகக் கையை வைத்து அளந்து காட்டினாள்.

"இம்புட்டுத்தான் இருக்கு. இன்னும் ஆட்டு வாய்க்கு எட்டுற ஒசரம். எட்டாத ஒசரம் போகட்டும்." பூசாரியின் பக்கம் திரும்பினாள். "மத்தியானம் கருவாடு வச்சு ஒருவேளை திருப்தியா தின்னுக்கிறேன். சாயங்காலம் குளிச்சிட்டு வாரேன். அடுத்த மாசிக்குக் கட்டு."

திரையில் கருவாட்டுப் பொட்டலம் மெல்லக் கீழே இறங்கியது. சின்னையாவின் குரல் கேட்டது. "அப்ப கருவாட்டக் கொஞ்சம் கூடவே வாங்கியாந்திருக்கணும்."

"நீ வையிடா போன" என்று அக்கா என்னைப் பார்த்துச் சொன்னாள். "கொழம்பு வைக்கணும். எனக்கு இருக்கிறது இன்னைக்கு ஒரு பகல்."

திரை அணைந்தது. செல்வி என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். வாடகைக் காகிதம் வீட்டு மேசைமேல், உப்பு டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. "இன்னும் ஒரு வருசமா?" என்று அவள் கேட்கப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

அவள் கல்லின்மேல் தண்ணீரைத் தெளித்துப் பார்த்தாள். சுரீர் என்றது.

"கல்லு காயுது" என்றாள். "மாவ எடுங்க. நிக்கிறாங்கள்ல."